ஒரு பக்கத்தில் எத்தனை கைகள்?

சிங்கப்பூருக்குப் போய் வந்தவர்கள் சிராங்கூன் சாலையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க மாட்டார்கள். தேக்காச் சந்தை, பூக்கடைகள், வீரமாகாளியம்மன் கோயில், வாழை இலைச் சாப்பாடு என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிக்கொண்டே போவார்கள். அந்த நகரத்தில் தமிழில் ஒரு நாளிதழ் வெளிவருகிறது என்பதையும் பலர் அறிவார்கள். அதன் பெயர் 'தமிழ் முரசு'. அதை வாங்குகிறோம், புரட்டுகிறோம், சமயத்தில் பலகாரம் மடிக்கவும் பயன்படுத்துகிறோம். அதன் ஒரு பக்கம் எத்தனை பேர் கைபட்டு நம்மிடம் வந்து சேர்கிறது என்று என்றாவது எண்ணிப் பார்த்ததுண்டா?

எழுதியவர் ஒருவர். அதைத் திருத்தியவர் இன்னொருவர். தலைப்பிட்டவர், படம் கொடுத்தவர், பக்கம் கட்டியவர், பிழை பார்த்தவர், 'சரி, அச்சுக்குப் போகலாம்' என்று சொன்னவர் என எண்ணினால் ஏழெட்டுப் பேர் தேறுவார்கள். இத்தனை பேரும் ஒரே பக்கத்தில், ஒருவர் வேலையை மற்றவர் கெடுக்காமல், அச்சு ஓடும் நேரத்திற்குள் முடிக்க வேண்டும். இன்று அந்த வேலை கணினியில் நடக்கிறது. அது எப்படி நடக்கிறது, எப்படிச் செய்தால் விரைவாகவும் பிழையில்லாமலும் முடியும் என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

"தோட்டத்தில் இருக்கும் நமக்கு இது எதற்கு?" என்று கேட்கிறீர்களா? காரணம் இரண்டு உண்டு. முதலாவது, நம் பிள்ளைகள் கற்றுக்கொள்ளக்கூடிய ஒரு தொழில் இது. இரண்டாவது, பள்ளி ஆண்டு மலர், கோயில் திருவிழா மலர், சங்கத்தின் சிறப்பிதழ் என்று நாமே பக்கம் கட்டும் நேரம் வருகிறது. அப்போது நாம் படும் பாடு நமக்குத்தான் தெரியும்!

ஈய எழுத்துக் காலம்

1935-ஆம் ஆண்டு ஜூலை 6-ஆம் நாள் தமிழ் முரசின் முதல் இதழ் சிங்கப்பூரில் வெளிவந்தது. விலை ஒரு காசு. வார இதழாகத் தொடங்கியது, 1937-ஆம் ஆண்டில் நாளிதழாயிற்று. அதை நடத்தியவர் தமிழவேள் கோ. சாரங்கபாணி. திருவாரூரில் பிறந்து 1924-ஆம் ஆண்டில் சிங்கப்பூர் வந்தவர். மலாயாத் தமிழர்களின் கல்விக்கும் குடியுரிமைக்கும் அந்த ஏடு குரல் கொடுத்தது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறைக்காக 1950-களில் திரட்டப்பட்ட 'தமிழ் எங்கள் உயிர்' நிதியைப் பற்றி மூத்தவர்கள் இன்றும் பேசுவார்கள். அதற்கும் முன்னின்றவர் அவர்தான்.

அந்தக் காலத்தில் பக்கம் எப்படி உருவாயிற்று? அச்சுக் கோப்பவர் எழுத்துப் பெட்டியின் முன் நின்றுகொண்டு, ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து வரிசையில் அடுக்குவார். ஆங்கிலத்துக்கு 26 எழுத்து. நமக்கோ 247! கொம்பு, கால் என்று பிரித்து வைத்தாலும் பெட்டியின் அறைகளுக்குக் குறைவில்லை. 1978-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. பின்னர் சிங்கப்பூரும் மலேசியாவும் ஏற்றன. அதனால் சில எழுத்துகளுக்கெனத் தனி அச்சு வைத்திருக்க வேண்டிய தேவை குறைந்தது.

கோத்த எழுத்தை நீளத் தட்டில் வைத்து, மை தடவி, ஒரு தாளில் ஒற்றி எடுப்பார்கள். அதுதான் 'புரூஃப்'. பிழை பார்ப்பவர் ஓரத்தில் குறியிடுவார். மறுபடியும் கோப்பவரிடம் போகும். திருத்தியதும் பக்கம் கட்டுபவர் இரும்புச் சட்டத்துக்குள் வைத்து இறுக்குவார். அதன்பிறகு ஒரு வரியை மாற்ற வேண்டுமென்றால் இறுக்கியதைத் தளர்த்த வேண்டும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கோப்பவரின் கை எவ்வளவு வேகமாக ஓடினாலும், அவர் முடிக்கும்வரை பிழை பார்ப்பவர் காத்திருந்தார். அவர் முடிக்கும்வரை பக்கம் கட்டுபவர் காத்திருந்தார். வேலை செய்த நேரத்தோடு காத்திருந்த நேரமும் சேர்ந்துதான் பத்திரிகையைத் தாமதமாக்கியது. இந்தக் காத்திருப்பைக் குறைப்பதுதான் பின்னர் வந்த எல்லா ஏற்பாடுகளுக்கும் நோக்கம்.

கணினி வந்தது, வரிசை போகவில்லை

1985-ஆம் ஆண்டு தமிழ் அச்சுக்கு மறக்க முடியாத ஆண்டு. மலேசியாவின் முத்து நெடுமாறன் 'முரசு' மென்பொருளை உருவாக்கத் தொடங்கியது அப்போதுதான். 'பேஜ்மேக்கர்' என்னும் பக்க அமைப்பு மென்பொருள் அமெரிக்காவில் வெளிவந்ததும் அதே ஆண்டில்தான். சிங்கப்பூரில் ஆசிரியரும் எழுத்தாளருமான நா. கோவிந்தசாமி 'கணியன்' என்ற தமிழ் எழுத்து முறையை உருவாக்கினார். 1997-ஆம் ஆண்டு மே மாதம் தமிழ் இணைய மாநாடு முதன்முதலாகக் கூடியதும் சிங்கப்பூரில்தான். தமிழை இணையத்தில் ஏற்றியவர்களில் முன்னோடியான அவர் 1999-ஆம் ஆண்டில் காலமானார்.

கணினி வந்ததும் ஈயமும் மையும் போயின. ஒரே திரையில் எழுத்து, படம், கட்டம் எல்லாம் வந்துவிட்டன. ஆனால் புதிதாக ஒரு சங்கடம் முளைத்தது. பக்கத்தின் கோப்பு ஒருவருடைய கணினியில்தான் திறந்திருக்கும். அவர்தான் பக்க அமைப்பாளர். "அந்த இரண்டாவது பத்தியில் ஒரு சொல்லை மாற்றுங்கள்" என்று எழுதியவர் வந்து நிற்பார். "தலைப்பு நீளமாக இருக்கிறது" என்று துணையாசிரியர் வந்து நிற்பார். பிழை பார்ப்பவர் தாளோடு வந்து நிற்பார். அமைப்பாளரின் நாற்காலிக்குப் பின்னால் கூட்டுறவுக் கடை போல ஒரு வரிசை!

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பக்கத்தில் 6 செய்திகள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் 2 முறை திருத்தம். ஒரு திருத்தத்துக்காக நடந்து வந்து, சொல்லி, காத்திருந்து, சரிபார்த்துப் போக 5 நிமிடம். மொத்தம் 60 நிமிடம்! ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் இப்படிப் போனால், எட்டுப் பக்கத்துக்கு என்ன ஆகும்?

வரிசையில் நிற்கப் பொறுமையில்லாதவர்கள் இன்னொரு வழி கண்டார்கள். கோப்பை நகல் எடுத்துக்கொண்டு போய்த் தம் கணினியில் திருத்தினார்கள். 'இறுதி', 'இறுதி 2', 'இதுதான் இறுதி' என்று பெயர்கள் பெருகின. இருவர் இரண்டு நகலில் திருத்தினால், ஒருவர் உழைப்பு மற்றவர் நகலில் இருக்காது. அச்சான பிறகுதான் திருத்தாத நகல் போய்விட்டது என்று தெரியும்.

நிரை பிரித்த கதைதான்

இதற்கு வழி நம் தோட்டத்திலேயே இருக்கிறது. ரப்பர்த் தோட்டமோ தேயிலை மலையோ, காலைப் பெரட்டு முடிந்ததும் என்ன செய்கிறார்கள்? ஆளுக்கு ஒரு நிரை பிரித்துக் கொடுக்கிறார்கள். ஒருவர் நிரையில் இன்னொருவர் கத்தி வைப்பதில்லை. முப்பது பேர் ஒரே நேரத்தில் வேலை செய்கிறார்கள், ஆனால் ஒரு மரத்தை இருவர் சீவுவதில்லை. யார் எந்த நிரையில் நிற்கிறார் என்பது மண்டோருக்கும் தெரியும், பக்கத்து நிரைக்காரருக்கும் தெரியும்.

கூட்டாகப் பக்கம் கட்டும் மென்பொருளும் இதைத்தான் செய்கிறது. 1999-ஆம் ஆண்டில் அடோபி நிறுவனம் 'இன்டிசைன்' என்ற பக்க அமைப்பு மென்பொருளைக் கொண்டுவந்தது. அதற்குத் துணையாக எழுதுவோருக்கும் திருத்துவோருக்கும் 'இன்காப்பி' என்ற மென்பொருள் வந்தது. பக்க அமைப்பாளர் இன்டிசைனில் கட்டம் போடுவார். ஒவ்வொரு செய்தியையும் தனித்தனி நிரையாகப் பிரித்து, பொதுக் கோப்புறையில் வைப்பார். எழுதுபவர் தம் மேசையிலிருந்தே இன்காப்பியைத் திறந்து, தமக்குரிய செய்தியை 'எடுத்துக்கொள்கிறேன்' என்று கட்டளை கொடுப்பார். அந்தக் கணத்திலிருந்து அந்தச் செய்தி அவர் கையில். அவர் திரையில் அதன்மேல் ஒரு பென்சில் படம் தெரியும். மற்றவர்கள் திரையில் குறுக்குக் கோடிட்ட பென்சில் தெரியும். 'வேறொருவர் கையில் இருக்கிறது' என்று அதற்குப் பொருள். மற்றவர்கள் அதைப் படிக்கலாம், தொட முடியாது. வேலை முடிந்ததும் 'திருப்பிக் கொடுக்கிறேன்' என்று கட்டளையிட்டால் அடுத்தவர் எடுக்கலாம்.

இதில் சிறப்பு என்னவென்றால், ஒருவர் செய்தியைத் திருத்திக்கொண்டிருக்கும்போதே பக்க அமைப்பாளர் கட்டத்தைப் பெரிதாக்கலாம், படத்தை நகர்த்தலாம். எழுத்து ஒருவர் பொறுப்பு, வடிவம் இன்னொருவர் பொறுப்பு. ஒருவருக்காக மற்றவர் காத்திருக்க வேண்டியதில்லை.

கூகுளின் ஆவணச் செயலி வேறு வகை. அதில் பலர் ஒரே தாளில் ஒரே நேரத்தில் தட்டச்சு செய்யலாம். எழுதவும் கலந்து பேசவும் அது நல்லது. ஆனால் அச்சுப் பக்கத்தின் கட்டம் அதில் தெரியாது. எழுதுவதை அதில் முடித்துவிட்டு, பக்கம் கட்டும் மென்பொருளுக்குக் கொண்டுபோவது பலர் கையாளும் வழி.

விரைந்து முடிக்க ஏழு வழிகள்

மென்பொருளை வாங்கினால் மட்டும் வேலை விரைந்துவிடாது. நல்ல கத்தி இருந்தும் பட்டையைப் பாழாக்குபவர்கள் இல்லையா? பழக்கம்தான் முக்கியம்.

1. எடுத்ததைத் திருப்பிக் கொடுங்கள். செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு தேநீர் குடிக்கப் போனால் மற்ற எல்லோரும் உங்களுக்காகக் காத்திருப்பார்கள். பத்து நிமிட வேலைக்கு மட்டும் எடுங்கள், முடித்தவுடன் விடுங்கள். எல்லாச் செய்திகளையும் மொத்தமாக எடுத்து வைத்துக்கொள்வது அடுத்தவர் நிரையையும் மறிப்பதாகும்.

2. வடிவத்தை முதலிலேயே முடிவு செய்யுங்கள். தலைப்புக்கு என்ன எழுத்து, என்ன அளவு, பத்திக்கு எவ்வளவு இடைவெளி என்பதை 'பாணி' என்ற பெயரில் மென்பொருளில் ஒருமுறை பதிந்து வைக்கலாம். பிறகு ஒரு சொடுக்கில் அந்தப் பாணி வந்துவிடும். பின்னால் தலைப்பின் அளவை மாற்ற நினைத்தால், பாணியில் மாற்றினால் போதும், எல்லாப் பக்கத்திலும் மாறும். கையால் ஒவ்வொன்றாக மாற்றியவர்கள் முப்பது இடத்தில் மாற்றி முப்பத்தொன்றாவதை விட்டுவிடுவார்கள்.

3. பக்கத்துக்குத் தாய்ப்பக்கம் வையுங்கள். பக்க எண், இதழின் பெயர், தேதி, பத்திக் கோடுகள் எல்லாம் ஒவ்வொரு பக்கத்திலும் வருபவை. அவற்றைத் தாய்ப்பக்கத்தில் ஒருமுறை அமைத்தால் எல்லாப் பக்கங்களுக்கும் வந்து சேரும். பக்க எண்ணையும் மென்பொருளே போட்டுக்கொள்ளும்.

4. வெட்டுவது எழுதியவர் வேலை. கட்டத்தில் இடம் போதாவிட்டால் எத்தனை வரி மிஞ்சுகிறது என்பதை இன்காப்பி எண்ணிக் காட்டும். எழுதியவர் அதைப் பார்த்துத் தாமே ஆறு வரியைச் சுருக்கிவிடலாம். இல்லாவிட்டால் என்ன நடக்கும்? அவசரத்தில் பக்க அமைப்பாளர் கடைசிப் பத்தியை வெட்டுவார். சம்பளப் பேச்சுவார்த்தை எந்தத் தேதியில் என்பது அந்தக் கடைசிப் பத்தியில்தான் இருந்திருக்கும்!

5. குறிப்பைப் பக்கத்திலேயே எழுதுங்கள். "இந்தப் பெயர் சரியா?" என்று தொலைபேசியில் கேட்டால் கேட்டவருக்கும் சொன்னவருக்கும் மட்டும்தான் தெரியும். செய்திக்குள்ளேயே குறிப்பு எழுதும் வசதி உண்டு. அது அச்சாகாது. யார் எதை நீக்கினார், எதைச் சேர்த்தார் என்று நிறம் காட்டும் வசதியும் உண்டு. இதனால் வீண் வாக்குவாதமும் குறையும்.

6. படங்களை ஒரே இடத்தில் வையுங்கள். பக்கத்தில் தெரியும் படம் பெரும்பாலும் அங்கே இருப்பதில்லை. வேறொரு கோப்புறையில் இருக்கும் படத்தின் முகவரியைத்தான் பக்கம் நினைவில் வைத்திருக்கிறது. நடுவில் யாராவது அந்தப் படத்தின் பெயரை மாற்றினால் அல்லது வேறிடத்துக்கு நகர்த்தினால் தொடர்பு அறுந்துவிடும். அச்சில் படம் மங்கலாகத்தான் வரும்.

7. நேரத்தைப் பின்னிருந்து எண்ணுங்கள். அச்சு இரவு 11 மணிக்கு என்றால், கடைசிப் பக்கம் 10.30-க்கு முடிய வேண்டும். பிழை பார்ப்பது 10 மணிக்கு. எழுத்து 9 மணிக்கு. எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் வந்து நெருக்கினால் எந்த மென்பொருளாலும் காப்பாற்ற முடியாது. சினிமாப் பக்கம், சமையல் பக்கம் போன்றவற்றைப் பகலிலேயே முடித்து அனுப்பிவிட வேண்டும்.

தமிழுக்கென்று தனிக் கவனம்

ஆங்கிலத்துக்கு இல்லாத சில தொல்லைகள் நமக்கு உண்டு. முன்பு ஒவ்வொரு எழுத்துருவும் தமிழ் எழுத்துகளைத் தன் விருப்பப்படி எண்ணிட்டு வைத்திருந்தது. ஒருவர் ஓர் எழுத்துருவில் தட்டிய கட்டுரை, இன்னொருவர் கணினியில் புரியாத குறிகளாகத் தெரியும். இப்போது உலக மொழிகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக 'ஒருங்குறி' என்ற ஏற்பாடு இருக்கிறது. தமிழுக்கும் அதில் இடம் உண்டு. பலர் சேர்ந்து செய்யும் வேலையில் எல்லோரும் ஒருங்குறியிலேயே எழுத வேண்டும், ஒரே எழுத்துருவின் ஒரே பதிப்பை எல்லாக் கணினியிலும் வைத்திருக்க வேண்டும். இது ஒன்றைக் கடைப்பிடித்தாலே பாதித் தலைவலி தீரும்.

இன்னொன்று. 'கொ' என்று எழுதினால் கொம்பு முன்னால், கால் பின்னால் வர வேண்டும். இன்டிசைனில் 'வேர்ல்ட் ரெடி காம்போசர்' என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். "தமிழ் சரியாக வரவில்லை, மென்பொருள் கெட்டுவிட்டது" என்று கைவிட்டவர்கள் பலர். தேர்வை மாற்றினால் போதும். அதையும் பாணியிலேயே பதிந்து வைத்துவிட்டால் ஒவ்வொரு முறையும் தேட வேண்டாம்.

நம் சொற்கள் நீளமானவை. ஒடுக்கமான பத்தியில் இரு ஓரத்தையும் நேராக்கினால் நடுவே ஓட்டை ஓட்டையாக வெள்ளை விழும். பத்தியைச் சற்று அகலமாக்குங்கள், அல்லது வல ஓரத்தை அதன் போக்கில் விட்டுவிடுங்கள். படிப்பவர் கண்ணுக்கு அதுவே இதம்.

நம் மலருக்கு இது உதவுமா?

கோயில் திருவிழா மலர் ஒன்று போடுவதாக வைத்துக்கொள்வோம். நடுவில் தைக்கும் புத்தகமானால் பக்கங்கள் நான்கின் மடங்காக இருக்க வேண்டும். 30 பக்கம் எழுதி வைத்தால் இரண்டு பக்கம் வெறுமையாகும். ஆகவே 32 பக்கம் என்று முதலில் முடிவு செய்யுங்கள். நான்கு பேர் கூடி, எந்தப் பக்கத்தில் எது என்று ஒரே தாளில் எழுதி ஒட்டுங்கள். ஆளுக்கு எட்டுப் பக்கம், அதுதான் அவரவர் நிரை. கட்டுரைகளை ஒருங்குறியில் தட்டச்சு செய்து ஒரே கோப்புறையில் சேருங்கள். கோப்பின் பெயரில் பக்க எண் முதலில் வரட்டும்.

இன்டிசைனுக்கு மாதாமாதம் பணம் கட்ட வேண்டும். அதற்கு வசதியில்லாதவர்களுக்கு 'ஸ்கிரைபஸ்' என்ற இலவச மென்பொருள் உண்டு. அதன் 1.6 பதிப்பு 2024-ஆம் ஆண்டு தொடக்கத்தில் வெளிவந்தது. தமிழ் எழுத்தும் அதில் ஒழுங்காக வரும். இன்காப்பி போல நிரை பிரித்துக் காக்கும் ஏற்பாடு அதில் இல்லை. அதை நாம்தான் பேசி வைத்துக்கொள்ள வேண்டும். பக்கக் கோப்பு யார் கையில் என்று ஒரு பலகையில் எழுதி வைத்தாலும் போதும்.

மிஞ்சிய நேரம் யாருக்கு?

வாசகர்களே, இந்த விஷயத்தில் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. சிங்கப்பூரில் தமிழ் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று. ஆனால் 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசும் சிங்கப்பூர்வாசிகள் நூற்றுக்கு 2.5 பேர்தான். படிப்பவர்கள் குறைந்த மொழியில் பத்திரிகை நடத்துபவர்களும் குறைவாகத்தான் இருப்பார்கள். ஆங்கில நாளிதழில் ஒருவர் செய்யும் ஒரு வேலைக்குப் பதில், இங்கே ஒருவர் மூன்று வேலை பார்க்க வேண்டியிருக்கும். கோலாலம்பூரில் 1924-ஆம் ஆண்டில் தொடங்கிய 'தமிழ் நேசன்' 2019-ஆம் ஆண்டில் நின்றுபோனதை நாம் கண்டோம். மென்பொருள் ஒரு பத்திரிகையை வாழ வைக்கும் என்று சொல்ல முடியாது. வாங்கிப் படிப்பவர்கள்தான் வாழ வைக்க வேண்டும்.

ஆனால் பக்கம் கட்டுவதில் வீணாகும் ஒரு மணி நேரம் எங்கிருந்து கழிகிறது என்று யோசியுங்கள். செய்தியாளர் வெளியே போய் நாலு பேரைப் பார்த்து விசாரித்து வரும் நேரத்திலிருந்துதான் கழிகிறது. பிழை பார்ப்பவர் இரண்டாம் முறை படிக்கும் நேரத்திலிருந்து கழிகிறது. தோட்டத்துப் பள்ளியில் என்ன நடக்கிறது, குடியிருப்பில் தண்ணீர் வருகிறதா என்று கேட்க ஆள் இல்லாமல் போவது அப்படித்தான். மிஞ்சும் நேரத்தை நிர்வாகங்கள் ஆளைக் குறைக்கப் பயன்படுத்தினால் வாசகருக்கு ஒரு லாபமும் இல்லை. அதே நேரத்தில் ஒரு செய்தியாளர் பேருந்தேறி நம் லயத்துக்கு வந்து விசாரித்தால், நம்முடைய செய்தி பத்திரிகையில் வரும்.

உங்கள் வீட்டில் படித்து முடித்த பிள்ளை இருந்தால், தமிழ்த் தட்டச்சையும் பக்க அமைப்பையும் சேர்த்துக் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். தமிழும் தெரிந்து, பக்கம் கட்டவும் தெரிந்தவர் அச்சகத்துக்கும் வேண்டும், பதிப்பகத்துக்கும் வேண்டும். அடுத்த ஆண்டுத் திருவிழா மலரை அந்தப் பிள்ளையின் பொறுப்பில் விடுங்கள். கூட மூன்று பேரைச் சேர்த்து, ஆளுக்கு ஒரு நிரை பிரித்துக் கொடுங்கள். முடிந்ததும் இரண்டு முறை பிழை பார்த்து அச்சுக்கு அனுப்புங்கள்.